செத்த வீட்டில் ஊமைப் படம்

என் கணவர் மாரடைப்பில் போய் இரண்டாவது கிழமை முடிந்தும் எனக்கு அழுகை வரவில்லை. கனடாவில், லவால் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன எல்லோரும் அதைக் கவனித்தார்கள். மற்றவர்கள் எதையும் நினைத்துவிட்டுப் போகட்டும். ரொறன்ரோவிலிருந்து வந்து தங்கியிருந்த மச்சாள் கவனித்ததுதான் வலித்தது. என் கணவருக்கு அவர் ஒரே அக்கா. தாய் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். வாசலில் யாராவது சப்பாத்துக் கழற்றும் சத்தம் கேட்டாலே அவருக்கு ஒப்பாரி வந்துவிடும். நான் பக்கத்தில் மரம் மாதிரி இருப்பேன்.

ஒருநாள் அவர் தொலைபேசியில் யாருக்கோ, எனக்கு நெஞ்சு கல்லு என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. சண்டைக்குப் போகிற ஆள்தான் நான். ஆனால் அன்றைக்குப் போகவில்லை. எனக்கே என்மேல் அந்தச் சந்தேகம் இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையென்றால், பிறகு நான் யார்?

முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை வீட்டில் ரீவி போடக்கூடாது என்பது மச்சாளின் கட்டளை. பாட்டு, சிரிப்பு, ஒன்றும் கேட்கக்கூடாது. அவருடைய பேத்திகள் இரண்டு பேர் பள்ளி விடுமுறையில் கூட வந்திருந்தார்கள். வெளியே உறைகுளிர். உள்ளே அடைந்து கிடந்து அந்தப் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கிற என் மகள் மச்சாளிடம் போய், பாட்டும் பேச்சும் இல்லாத பழைய படம் ஒன்று இருக்கிறது, சத்தத்தை முழுக்க நிற்பாட்டிவிட்டுப் போடட்டுமா என்று கேட்டாள். மச்சாள் கொஞ்சம் யோசித்தார். சத்தம் இல்லையென்றால் தோசமில்லை என்று முடிவு சொல்லிவிட்டுக் சமைக்கக் குசினிக்குள் போனார். அது சிரிப்புப் படமா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து பக்கத்து ஊரான ரொக்ஸ்பரோவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அவர்கள் என்னைத் தேற்றிக்கொண்டிருக்க, என் கண் திரையில் இருந்தது. சினிமாப் படம் எடுக்கிற ஒரு கொட்டகை. அட்டையில் செய்த அரண்மனை. இயக்குநர் கூம்புக் குழாயை வாயில் வைத்துக் கத்துகிறார், ஒன்றும் கேட்கவில்லை. ஒல்லியான வேலையாள் ஒருவன் பெரிய சோபா ஒன்றைத் தலையில் சுமந்து அரண்மனைப் படியேறுகிறான். ராசாவை ஒரு பக்கம் இடிக்கிறான், ராணியை மறுபக்கம். எப்படியோ உச்சிக்குப் போய்க் கதவைத் திறந்தால், அந்தப் பக்கம் அறை இல்லை. ஒன்றுமே இல்லை. சோபாவோடு கீழே போனான்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வந்திருந்த பெண் என் கையை விட்டுவிட்டார். குசினிக் கதவில் மச்சாள் நின்றார். எழும்பி அவரைக் கடந்து உள்ளே போய், கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவினேன்.

வந்தவர்களை அனுப்பிவிட்டு மச்சாள் வந்தார். இன்றைக்கு நல்லாக் கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் குரல் உயரவில்லை.

"ஏன் சிரிச்சனீர்?"

மழுப்பத் தெம்பில்லை, நடந்ததைச் சொன்னேன். கலியாணமான புதிதில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. இங்கே வாடகைக் காலம் முடிகிற யூலை முதலாம் தேதி ஊரே வீடு மாறும்போது யாரோ தெருவில் விட்டுப்போன சோபா ஒன்றை இவர் கண்டுபிடித்தார். மேலே நான், கீழே இவர். வளைவில் அது சிக்கிக்கொண்டது. எனக்குச் சிரிப்பில் கை வழுக்க, சோபா இவரையும் தள்ளிக்கொண்டு இறங்கியது. ஒருவழியாக மேலே ஏற்றினால் கதவுக்குள் நுழையவில்லை. திரும்ப இறக்கித் தெருவிலேயே போட்டு, இரண்டு பேரும் அதிலேயே குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தோம். ஊரில் இருந்த அக்காவுக்கு இதை எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். தம்பி கனடாவில் ராசா மாதிரி இருக்கிறான் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

"எனக்கு உதொண்டும் சொல்லேல்லையே அவன்," என்றார் மச்சாள். பிறகு, என் மகளிடம் அந்தப் படத்தைத் திரும்பப் போடச் சொன்னார்.

சோபாவில் என் பக்கத்தில் வந்து இருந்தார். வேலையாள் படியேறினான், கதவைத் திறந்தான், விழுந்தான். நான் முதல்முறை பார்க்காமல் எழும்பிப் போன இடம் அடுத்து வந்தது. கிடந்தவன் மெல்ல எழும்பினான். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, அதே சோபாவை மறுபடி தூக்கினான்.

"எழும்பீட்டான் பாரும்," என்றார் மச்சாள், மூச்சை விட்டுக்கொண்டு.

"எங்கட ஆள் எழும்பேல்லை, மச்சாள். வாசல்லை பனி அள்ளிக்கொண்டு நிண்டவர் விழுந்தார். நான் யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். சறுக்கிப்போட்டுது, இப்ப எழும்பித் தட்டிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிப்பார் எண்டு நினைச்சன்."

அதை அதுவரை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் முகம் நனைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. மச்சாள் சேலைத் தலைப்பால் துடைத்தபோதுதான் தெரிந்தது. அவரும் அழுதார். வாசலில் யாரும் வராத நேரத்தில், சத்தமே இல்லாமல்.