அடியில் மூன்று புள்ளி

ஒரு வீட்டில் கடையை நடத்தத் துடிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கடையைக் கண்டாலே ஓடும் பையன் ஒருவனும் இருக்கிறான். கடை யாருக்கு என்றால் பையனுக்குத்தான் என்றார்கள். அறுபது ஆண்டுகள் போன பின்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தப் பையன் நான்தான் என்பதால் ஆத்திரப்படும் யோக்கியதையும் எனக்குக் குறைவு.

சிதம்பரத்தில் அப்பா பாத்திரங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குத் தரும் அண்டாக்கள் வேறு, கருமாதிக்குத் தருபவை வேறு. கருமாதி அண்டாவின் அடியில் மூன்று புள்ளிகள் இருக்கும். அவற்றை உளி வைத்துக் குத்தியவளே அக்காதான். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்த அவளுக்கு ஒவ்வொரு பாத்திரத்தின் நெளிசலும் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளியில் என்னை 'அண்டா' என்று கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும்தான்.

அம்மாவின் தம்பியான மாமா ஒரு நாள் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"மச்சான், பையன் படிக்கட்டும். பொண்ணக் கடையில ஒக்கார வையிங்க."

"பொம்பளப் புள்ள கல்லாவுல ஒக்காந்தா ஊரு என்னா பேசும் மாப்ள?"

"ஊரா வந்து ஒங்க அண்டாவத் தேய்க்கப் போவுது?"

மாமா விடுகிறவர் இல்லை. கடைசியில் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்: "சரி, கடலூர் கல்யாணத்துக்கு அவளே எல்லாத்தையும் அனுப்பட்டும். ஒரு கொறையும் வரலன்னா அவளே ஒக்காரட்டும்."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது. கடை வேண்டாம் என்று நான் சொல்லுவேன்; அதற்காக அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவதா? மகன் நானில்லையா?

சாமான்களை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு அக்கா சாப்பிடப் போனாள். நான் கிடங்கில் நுழைந்து கல்யாண அண்டா இரண்டை மூலைக்குத் தள்ளினேன். அந்த இடத்தில் கருமாதி அண்டா இரண்டைக் கவனமாக நிறுத்தினேன். புள்ளிகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வேன் வந்தது, ஏற்றினார்கள், போய்விட்டது.

மறுநாள் காலையில் கடலூரில் சமையல்காரர் அண்டாவைக் கழுவக் கவிழ்த்திருக்கிறார். எங்கள் பாத்திரங்களில் பல வருஷம் சமைத்தவர் அவர். மணப்பெண்ணின் அப்பா கார் பிடித்து நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"கருமாதி அண்டாவுல என் பொண்ணு கல்யாணத்துக்குச் சோறாக்கச் சொல்றியா? நீ மனுஷனாய்யா?"

அப்பா கைகூப்பினார். வேறு அண்டாக்களை அதே நிமிஷம் அனுப்பினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நான் பாத்துதாம்பா வச்சேன்" என்றாள் அவள். என்னைப் பார்த்தாள். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"பாத்த லட்சணம்! சாவியக் குடு" என்றார் அப்பா. மாமா வாய் திறப்பதற்குள், "போதும் மாப்ள, ஒன் பேச்சக் கேட்டு நான் அசிங்கப்பட்டது" என்று அடைத்துவிட்டார்.

அடுத்த தையில் அக்காவைச் சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்தார்கள். நான் படித்து, கல்லூரியில் வேலைக்குப் போனேன். கடை யார் கைக்கோ போயிற்று. அக்கா போன வருஷம் இறந்தாள். அவள் உயிரோடு இருந்தபோது சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கடலூரிலிருந்து வேன் திரும்பிய அந்தச் சாயங்காலம் அப்பா என்னை மட்டும் கிடங்குக்குக் கூப்பிட்டார். இரண்டு அண்டாக்களும் கவிழ்ந்து கிடந்தன. குனிந்து, புள்ளிகளைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"என்னா கனம் இது! தனியாவாடா தூக்குன?"

"உருட்டிகினு போனேம்பா" என்றேன்.

அடி விழும் என்று கண்ணை மூடினேன். அவர் என் தலையைத் தடவினார். கீழவீதிக்கு அழைத்துப்போய் ஓட்டலில் நெய் தோசை வாங்கிக் கொடுத்தார். அப்பா மன்னித்துவிட்டார் என்ற நிம்மதியில் இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றேன். எனக்குக் கூலி கொடுக்கிறார் என்று அன்று தெரியவில்லை.