தேரை இரத்தமும் என் இரத்தமும்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது நாலு, அக்கா விட்டுப்போனதையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. உப்புவெளியிலிருந்து பஸ் ஏறிப்போய் தேரைகளின் இரத்தத்தை ஆராய்கிற ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளாக இருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் தேரையை நோகாமல் பிடிக்க அங்கே என்னை மிஞ்ச ஆளில்லை.

நான் பிடித்துக்கொள்ள, ஆய்வு செய்கிற மிஸ் ஊசியால் ஒரு துளி இரத்தம் எடுத்து ஸ்லைட்டில் மெல்லிசாக இழுப்பார். காய்ந்ததும், அணுக்கள் தெளிவாகத் தெரிய ஜீம்சா என்ற சாயத்தை ஊற்றிக் கழுவுவது என் வேலை.

ஒருநாள் தேரை உதைத்தது. ஊசி கையுறையைத் துளைத்து என் பெருவிரலில் ஏறியது. அந்தத் தேரையின் இரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது. அந்த வாரமே எனக்குக் காய்ச்சல்.

மூத்தவன் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டான்.

"தேரைக்கு ஊழியம் செய்து தேரைக் காய்ச்சலும் வாங்கியாச்சு. இனி வேலைக்குப் போக ஏலாது, அம்மா."

"காய்ச்சல் நிக்கட்டும், பிறகு கதைப்பம்" என்றேன். உள்ளே பயம்தான். உயிரைவிட வேலை போய்விடுமோ என்ற பயம்.

ஊசி குத்திய கதையை மிஸ் டொக்டரிடம் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்து, மலேரியா இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றார்கள். மகன் நம்பவில்லை.

"அவங்களுக்குத் தேரைக் காய்ச்சல் தெரியுமோ?"

எனக்குச் சுகமானதும் என்னோடு ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டான். மிஸ் கோபிக்கவில்லை. என் விரலில் ஒரு துளி எடுத்து, அதே சாயம் ஊற்றி, இருவரையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.

முதலில் தேரை இரத்தம். ஒவ்வொரு சிவப்பு அணுவின் நடுவிலும் கொட்டை மாதிரி ஒரு கரு. சிலதில் வாழைப்பழம் போல வளைந்த ஒன்று அந்தக் கொட்டையை ஓரமாகத் தள்ளிக்கொண்டு கிடந்தது. அதுதான் ஒட்டுண்ணி. பிறகு என் இரத்தம். கொட்டையும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. வெறும் வட்டங்கள்.

"இது எப்படிப் பரவுது, மிஸ்?" என்றான் மகன்.

"தேரையைக் கடிச்ச நுளம்புக்குள்ள வளரும், தம்பி. அந்த நுளம்பை இன்னொரு தேரை விழுங்கினால் அதுக்குப் போகும். மனிசருக்கு வந்ததா நாங்க அறியேல்லை."

"நான் நுளம்பு விழுங்கிறேல்லை" என்றேன்.

"விழுங்கினாலும் நீங்கள் தேரை இல்லையே, அம்மா" என்றார் மிஸ்.

மகன் சிரித்துவிட்டான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுத்த நாள் காலை என் சோற்றுப் பார்சலை அவனே பஸ் ஹோல்ட் வரை தூக்கிவந்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஊசி குத்தினால் உடனே சொல்லுங்கள். பயத்தை மூடி வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை இப்ப வாசி, கேப்பம். தேரை எண்டு நான் சொன்ன இடத்தில தவளை எண்டு எழுதி வச்சிருக்கிறியோ, பாப்பம்.