சாக்கு திணிக்காத துவாரம்

கோர்குதேலி மலைப்பக்கம் காளான் வளர்க்கிற வீடுகளில் குளிர்காலம் வந்தால் இரண்டே பேச்சுதான். ஒன்று நிலக்கரி, இன்னொன்று காற்று. காளானும் நம்மைப்போல மூச்சுவிடுகிற சாதி. அறையை மூடிவைத்தால் தான் விட்ட மூச்சிலேயே திணறும். சுவரில் இருக்கிற காற்றுத் துவாரத்தைத் திறந்தாலோ மலைக்காற்று விருந்தாளிபோல வந்து உட்கார்ந்து எழுந்திருக்காது. அதனால் பனி இறங்கியதும் எல்லோரும் துவாரத்தில் சாக்கைத் திணித்துப் பாதி அடைப்பார்கள். உம்முஹான் மட்டும் அடைப்பதில்லை.

போன குளிர்காலம் வரைக்கும் அந்தத் துவாரம் அவள் கணவன் வெய்ஸலின் பொறுப்பு. தண்டு நீண்டு தலை சிறுத்துக் காளான் முளைத்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அப்போது வெய்ஸலும் கழுத்தை நீட்டிக்கொள்வான். கல்யாணக் கூட்டத்தில் பெண்ணைப் பார்க்க எக்குகிற கிழவியின் குரலில், "கொஞ்சம் தள்ளும்மா, எனக்கு ஒண்ணும் தெரியல" என்பான். உம்முஹான் சிரித்து முடிப்பதற்குள் சாக்கை உருவிவிடுவான்.

ஒரு பனிநாளில் காளான் அறையைச் சூடாக்குகிற அடுப்பின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டது. வெய்ஸல் தணல் சட்டியை அறைக்குள் தூக்கிப்போய் வைத்தான். சூடு வெளியே போகக்கூடாதென்று துவாரத்தையும் முழுக்க அடைத்தான். சூப் ஆறுகிறதே என்று உம்முஹான் கூப்பிடப் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நடிக்கிறான் என்றுதான் நினைத்தாள். "எழுந்திரு, உன் கூத்து எனக்குத் தெரியாதா" என்றாள். இரண்டு தடவை சொன்னாள்.

இந்தக் குளிர்காலம் புகைக்குழாய் புதிது, தணல் சட்டி வீட்டிலேயே இல்லை. ஆனாலும் துவாரம் திறந்தே கிடந்தது. காளான் தலைகள் காய்ந்து, பித்தவெடிப்பு வந்த குதிகால்போல வெடித்தன. இந்த விளைச்சலும் போனால் அறையைக் காலிசெய்துவிட்டு அந்தால்யாவில் மகளிடம் போகவேண்டியதுதான். போக அவளுக்கு மனமில்லை. காளான் பைகள் வைக்கிற அந்த அடுக்குகள் எல்லாம் வெய்ஸல் கையால் அடித்தவை.

வெய்ஸலின் தங்கை குலிஸார் ஒரு மத்தியானம் வந்தாள். அண்ணன் செத்த அறைக்குள் அதுவரை கால் வைக்காதவள் அன்று உள்ளேயே வந்தாள்.

"என்ன அண்ணி இது, காளான் அறையா, கழுதைச் சந்தையா? காத்து இப்படி நடமாடுது."

"நடமாடட்டும்."

"பாதி மூடுங்க. ஊர்ல எல்லாரும் மூடல?"

"கை வரமாட்டேங்குது குலிஸார்."

"அப்ப நான் மூடறேன். மூடிட்டு இங்கயே உக்காந்திருக்கேன். எனக்கு ஏதாவது ஆனா என் புருஷன் உங்களுக்குக் கோழி அறுத்து விருந்து வெப்பான்."

உம்முஹான் தடுக்கவில்லை. குலிஸார் சாக்கைப் பாதித் துவாரத்தில் திணித்தாள். இருவரும் கவிழ்த்த பெட்டிகளில் உட்கார்ந்தார்கள். அறை மெல்ல வெதுவெதுப்பானது. குலிஸார் மாமியாரைப்போல மூக்கால் பேசிக்காட்டினாள், பக்கத்து வீட்டுக்காரியின் இருமலை இருமிக்காட்டினாள். உம்முஹானுக்குச் சிரிப்புகூட வந்தது. சரியாகிவிடும்போல இருந்தது.

பிறகு பேச்சு நின்றது. விடியலில் எழுந்து மாடு கறந்து வந்த குலிஸார், வெதுவெதுப்பில் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள்.

உம்முஹான் பெட்டியோடு சரிந்து எழுந்தாள். சாக்கைப் பிடுங்கி முற்றத்துப் பனியில் எறிந்தாள். திரும்பி வந்து குலிஸாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

குலிஸார் விழித்துக்கொண்டாள். "என்ன அண்ணி, செத்துட்டேன்னு..." என்று ஆரம்பித்தவள் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். உம்முஹானின் உள்ளங்கையை இழுத்துத் தன் வாயருகே வைத்து ஊதினாள்.

"சுடுதா?"

"சுடுது."

"சரி, விடுங்க. மூட வேணாம்."

அந்த வாரமே அறையைக் காலிசெய்து, காளான் முளைக்கிற உரப்பைகளை வெளியே எடுத்துப் போட்டார்கள். பனியின் மேல் பைகள் ஆவிவிட்டுக்கொண்டிருந்தன. சிலவற்றில் காளான் இன்னும் முளைத்துக்கொண்டுதான் இருந்தது. உம்முஹான் அவற்றைப் பறிக்கவில்லை.

"என் மகளுக்கு நீயே ஃபோன் பண்ணு. நான் பேசினா அழுதுடுவேன்" என்றாள்.

குலிஸார் ஃபோனை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனாள். என்றாலும் காதில் விழுந்தது.

"உங்கம்மா வர்றாங்கடி. ஜன்னல் இருக்கற ரூமா குடு. எந்நேரமும் தொறந்துதான் வெப்பாங்க. குளிருதுன்னு நீ எதுவும் சொல்லிடாதே."