தாழ்ப்பாளும் கரியடுப்பும்

லாட்ஜ் மேனேஜர் என்பவன், அறை எடுத்தவர்கள் பயப்பட வேண்டியதற்கெல்லாம் தான் பயப்படுகிறவன். யுத்த காலத்தில் மாதுங்காவில் அந்த வேலை பார்த்தேன். கதவு, ஜன்னல், படிக்கட்டு மூன்றையும் முதலில் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். வெளியூரில் அறை எடுத்துத் திண்டாடிய உங்களுக்கு இது புரியும்.

நம்ம ஊர்க்காரர்

பாலக்காட்டிலிருந்து இன்டர்வியூவுக்கு ஒருவர் வந்திருந்தார். யாரோ கதவைத் தட்டி, "நானும் பாலக்காடுதான்" என்றதும் உள்ளே உட்காரவைத்து, பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். வந்து பார்த்தால் பெட்டியும் இல்லை, அதிலிருந்த சர்ட்டிபிகேட்டுகளும் இல்லை. வந்தவர் பெயரையாவது கேட்டீரா என்றேன்.

"எங்க கிராமத்துத் தேரைப் பத்தி அவ்வளவு நன்னாப் பேசினார் சார். அப்பறம் போய்ப் பேர் கேட்டா மரியாதையாவா இருக்கும்?"

பின்படி

ஆபத்துக்கு இறங்கி ஓடவென்று பின்பக்கம் ஒரு படி உண்டு. அதன் குறுக்கே கொடி கட்டி, மடி வேஷ்டி உலர்த்தியிருந்தார் ஒரு பெரியவர். எடுங்கள் என்றேன்.

"தீப்பிடிச்சா முன்படியால போயிக்கறேன். நீர் அதைத் தொடாதேயும்."

கரியடுப்பு

மனைவியின் கண் வைத்தியத்துக்காக வந்த தம்பதி. வெளிச் சாப்பாடு ஆகாது. சமைப்பதைப் பிறர் பார்ப்பதும் ஆகாது. அறையில் அடுப்பு கூடாதென்று சொல்லியிருந்தேன். அவர் சிக்டி என்கிற கரியடுப்பைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார். வெளியே அடைமழை. ஜன்னலைச் சாத்தி, திருட்டுக்குப் பயந்து எல்லோருக்கும் நான் சொல்லிவந்தபடியே கதவுக்கு மேல்தாழும் கீழ்த்தாழும் போட்டிருக்கிறார்.

சாதம் தீயும் வாசனை வருகிறதென்று அடுத்த அறைக்காரர் வந்து சொன்னார். தட்டினோம், கூப்பிட்டோம், பதில் இல்லை. உலக்கையால் இடித்துக் கதவைத் திறந்தோம். கரிப்புகையின் விஷக்காற்றில் இருவரும் சுருண்டு கிடந்தார்கள். வராந்தாவில் கிடத்தியதும் அவர் சீக்கிரமே கண் விழித்தார். அந்த அம்மாள் விழிக்கவில்லை. யாரையும் தொடாத மடிக்காரரான அந்தக் கணவர், எல்லோர் முன்னாலும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெயர் சொல்லி அழுதார். டாக்டர் வந்து வெகுநேரம் கழித்தே அவளுக்கு நினைவு திரும்பியது. என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் கணவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"தலை சுத்தறது, கதவைத் தெறங்கோன்னு ரெண்டு தரம் சொன்னேன். சாதம் எறக்கற வரைக்கும் பொறுத்துக்கோன்னார்."

வருகிறவர்களுக்கெல்லாம் தாழ்ப்பாள் போடச் சொல்லிக்கொடுத்த எனக்கு, அதை எப்போது திறக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கலாமே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.