ஏழாவது குழியின் மண்

போடிமெட்டு தாண்டியதும் ஒரு தேயிலைத் தோட்டத்து கோல்ஃப் மைதானம். ஏழாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் நிற்கிறேன். முன்பு இது பெரும் சரிவாம். பந்து குழியருகே நிற்காமல் உருண்டோடிவிடுமாம். இரண்டு முறை செதுக்கியும் சரிப்படாமல், போன வருஷம் மண் கொட்டி மட்டமாக்கியிருக்கிறார்கள்.

புல் வெட்ட வரும் முத்துமாரியக்கா ஓரத்திலேயே செருப்பைக் கழற்றுகிறார்.

“புல்லு நசுங்கிரும்னா கழட்டுறீங்க?”

“இல்ல சார். மலை சரிஞ்சு எங்க லயத்து வீடுகள மூடிருச்சு. அந்த மண்ணத்தான் லாரியில அள்ளியாந்து இங்க கொட்டுனாங்க. எங்க வீட்டுக்காரரு இன்னும் கெடைக்கல.”

நான் ஷூவோடு நிற்கிறேன். கீழேயிருந்து யாரோ அடித்த பந்து மெல்ல உருண்டு வந்து, அக்காவின் வெறுங்காலருகே நிற்கிறது. அங்கே கை தட்டுகிறார்கள்.