வைக்கோல் சித்தப்பா

கோவிலம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்கக வளாகத்தில் சில வருஷங்களாக அக்டோபர் கடைசியில் பிள்ளைகளுக்குப் பேய் விழா நடக்கிறது. ஹாலோவீன் என்கிறார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்கு ஒலிபெருக்கி கூடாது, வாசலில் அடுப்பு கூடாது என்று ஒன்பது நிபந்தனை போட்ட குடியிருப்போர் சங்கம், இதற்கு மட்டும் ஒரே கூட்டத்தில் ஒருமனதாக அனுமதி கொடுத்துவிட்டது. இந்தத் தடவை மூன்றாம் மாடிப் பெண் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, வீட்ல இருக்கிற பொருளை வெச்சே ஈஸியா செய்யற மாதிரி காஸ்ட்யூம், டெக்கரேஷன் எல்லாம் ஒரு லிஸ்ட் எழுதிக் குடுங்களேன். நீங்கதான் எதையும் ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுவீங்க."

அரசாங்க அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். பழைய வெள்ளை வேட்டியைத் தலைவழியாகப் போர்த்திக் கண்ணுக்கு இரண்டு துளை; துளை போடுமுன் வேட்டிக்கு உரியவரின் சம்மதம் பெறவும். ஊதின பலூன்மேல் செய்தித்தாளை மைதாப் பசையில் நனைத்து நான்கு அடுக்கு ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டுப் பலூனை உடைத்தால் மண்டை ஓடு. பஞ்சைப் பிரித்து ஜன்னல் கம்பிகளில் இழுத்துவிட்டால் ஒட்டடை. சில வீடுகளில் இதற்குப் பஞ்சு தேவைப்படாது. கறுப்புத் தாளை இரண்டாக மடித்து வெட்டினால் வௌவால். பரங்கிக்காயைக் குடைந்து உள்ளே மெழுகுவத்தி. குடைந்தெடுத்ததை மறுநாள் சாம்பாரில் போடலாம்.

எழுதியதில் ஒன்றை மட்டும் சேர்க்கவில்லை. இவை எல்லாவற்றையும்விடச் சுலபமானது அது. அது எவ்வளவு நன்றாகப் பலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் சித்தியும் எங்களோடுதான் இருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி சித்தப்பா தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். மாடியில் தளம் போட்டு முடிந்திருந்தது; கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை. கட்டுகிற வீட்டுக்குக் கண் படாமலிருக்க ஒரு பொம்மை வைக்க வேண்டும் என்று சித்தி சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் தானே உட்கார்ந்து செய்தாள். சித்தப்பாவின் பழைய பழுப்பு நிறப் பேன்ட், கட்டம் போட்ட சட்டை, உள்ளே வைக்கோல். தலைக்குத் தலையணை உறை. அதில் கண்மையால் பெரிய கண்களும், சித்தப்பாவுக்கு இருப்பது போலவே ஒல்லியாக ஒரு மீசையும் வரைந்தாள்.

"இவரு ஆபீஸ் போயிட்டா வீட்டை யாரு பாத்துக்கறது? அதான் இன்னொருத்தரை ஏற்பாடு பண்ணிட்டேன். இவரு எதிர்த்தும் பேச மாட்டாரு" என்றாள்.

மாடியின் முன்பக்கம், விளிம்பிலிருந்து ஆறடி உள்ளே, தூணுக்காக விட்டிருந்த கம்பிகளில் சாய்த்து, நாலு செங்கல்லின் மேல் அதை உட்காரவைத்துக் கட்டினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் யாரோ ஓய்வாக உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பது போலிருக்கும். நான் அதற்கு வைக்கோல் சித்தப்பா என்று பெயர் வைத்தேன். அந்த ஆடியில் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போன சித்தி திரும்பி வரவில்லை. குழந்தையும் வரவில்லை. எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். அதற்குமேல் கேட்கக் கூடாது என்பது சொன்ன விதத்திலேயே இருந்தது.

வேலை நின்றது. கொத்தனார்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அப்பா ரயில்வேயில் தலைமை எழுத்தர். துக்கத்தையும் தனக்குத் தெரிந்த வழியிலேயே எதிர்கொண்டார்: ஒரு முறைப் பட்டியல் போட்டார். எந்த நேரத்தில் யார் சித்தப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கோடு போட்டு எழுதிச் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டினார். மாலை நான்கிலிருந்து ஆறு வரை நான். அடுத்த ஆள் வராமல் எழுந்து போகக் கூடாது. அவர் கொல்லைப்புறம் போனால் நூறு எண்ண வேண்டும். அதற்குள் வராவிட்டால் கூப்பிட வேண்டும். எதற்கு இதெல்லாம் என்று அம்மாவைக் கேட்டேன். "அவருக்குப் பேச்சுத் துணை வேணும்டி" என்றாள். சித்தப்பாவோ பேசுவதே இல்லை. பேச்சுத் துணை என்றால் என்னவென்று பெரியவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நான் முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அழைப்பு வந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அவளுடைய அப்பா இன்ஜின் டிரைவர். அவர்கள் குவார்ட்டர்ஸில் வருஷா வருஷம் அக்டோபர் கடைசி நாள் பிள்ளைகளுக்குப் பேய் விருந்து. ஆறு மணிக்கு வர வேண்டும். வேஷம் இல்லாமல் வந்தால் உள்ளே விட மாட்டார்கள். அதிகம் பயமுறுத்தும் பேய்க்குக் கலர் பென்சில் டப்பா. அம்மாவிடம் வெள்ளைப் போர்வை கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கேட்டதையே திரும்ப வாங்கிக்கொண்டேன். "இந்த வருஷம் வீட்ல நடந்தது போதாதா? போறதுன்னா போ. பேயா எல்லாம் போக வேண்டாம்" என்றாள். ஆனால் பென்சில் டப்பா பேய்க்கு மட்டும்தான். பேயின் உடுப்பு ஒன்று யாருக்கும் உபயோகமில்லாமல் இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்திருந்தது.

அன்று மத்தியானத்திலிருந்தே மேகம். ஐந்து மணிக்கு அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. அம்மா பின்கட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கல்லின் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. சித்தப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். அவருடைய மூச்சை நூறு வரை எண்ணினேன். விதியில் நூறுதானே சொல்லியிருந்தது. பிறகு எழுந்து போனேன். கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவதாகத் திட்டம்.

தெருமுனையில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "இன்னா பாப்பா, தனியா எங்க போற? மய வர்ற மாதிரி கீது, வூட்டுக்குப் போ" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து நடந்தேன்.

வீட்டுக்குள் ஈரச் சுண்ணாம்பு வாடை. கதவில்லாத வாசல்கள் எல்லாம் கறுப்பாக இருந்தன. படிக்கட்டுக்குக் கைப்பிடி கிடையாது என்பதால் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினேன். மாடியில் வைக்கோல் சித்தப்பா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காற்றில் சட்டைக்கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது, ஆனால் பயமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே வந்தேன். கயிற்றை அவிழ்த்தேன். வைக்கோலைப் பிடுங்கி ஒரு மூலையில் தள்ளினேன். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பேன்ட்டுக்குள் இறங்கி, கட்டியிருந்த கயிற்றாலேயே இடுப்பில் இறுக்கினேன். சட்டை முழங்காலுக்கு வந்தது. தலையணை உறையின் இரண்டு கண்களிலும் ஓர் ஆணியால் துளை போட்டுத் தலையில் மாட்டினேன். உள்ளே வைக்கோல் வாடையோடு சித்தியின் தேங்காயெண்ணெய் வாடையும் இருந்தது. உறை அவளுடையது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

படிக்கட்டில் காலடி கேட்டது.

அப்பா என்று நினைத்தேன். பணியிலிருந்து பாதியில் எழுந்து வந்தவளுக்கு வேறு யாரும் நினைவுக்கு வர மாட்டார்கள். ஒளிய இடமில்லை. செங்கல்லின் மேல் உட்கார்ந்து, கம்பியில் சாய்ந்து, பொம்மை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தேன்.

வந்தது சித்தப்பா. சுற்றி எனக்கு எதிரே வந்து நின்றார். துளை வழியாக அவரைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது. முதலில் கால்கள். பிறகு வேட்டியின் ஓரம். பிறகு கைகள். கைகள் என்னை நோக்கி வந்தன. காற்றில் அவிழ்ந்திருந்த சட்டைப் பொத்தானைப் பிடித்து, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குப் போடுவது போல நிதானமாகப் போட்டுவிட்டன. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பிறகு அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்தார். அது என் நெஞ்சின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. என் நெஞ்சும் அதோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. எது எந்தச் சத்தம் என்று தெரியவில்லை.

"இனிமே நீயே பாத்துக்கோ" என்றார்.

பொம்மையிடம்தான். இரண்டு மாதத்தில் அவர் தானாகப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம்.

செருப்பைக் கழற்றினார். கோயில் வாசலில் விடுவது போல இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். மூக்குக்கண்ணாடியை மடித்துச் செருப்பின் மேல் வைத்தார். பிறகு தளத்தின் விளிம்பை நோக்கி நடந்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கீழே ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது, அவர் நிற்கவில்லை. விளிம்பிலிருந்து மூன்றடிக்கு முன்னால் கொத்தனார் ஒரு சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தார். அதைத் தாண்டினால் காலை ஒடித்துவிடுவேன் என்று அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். சித்தப்பா கோட்டைத் தாண்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் விதியை மீறி வந்தவள்தான். இருந்தாலும் கண்ணெதிரே இன்னொருவர் மீறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் சுபாவம் எனக்கு அப்போதே இல்லை. எழுந்து நின்றேன்.

"சித்தப்பா, அங்க போகக் கூடாது. அப்பா திட்டுவாரு."

அவர் திரும்பினார். தன் சட்டையும் தன் பேன்ட்டும் தன் மீசையும், பையில் தன் கடிகாரத்தோடு எழுந்து நிற்பதைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். பிறகு கையையும் முழங்காலையும் ஊன்றி, கோட்டுக்கு இந்தப் பக்கம் தவழ்ந்து வந்தார். ஒரு பெரியவர் தவழ்வதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு அன்று எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. தலையணை உறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழுதேன்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சித்தப்பா. ஒரு கால் மணி நேரம்தான் வந்தேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாததால் அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதை எடுத்துவந்து கொடுத்தேன். கடிகாரத்தையும் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டி, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"சொல்லல. நீயும் சொல்லாத."

அவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மழையில் செருப்பில்லாமல் நின்றதை மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறாகப் போகுது. எதுக்கு இந்த வேஷம்?" என்று கேட்டார். பேய் விருந்தைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து, நான் எறிந்த உறையை எடுத்து வைக்கோல் தூசியைத் தட்டி என் தலையில் மாட்டி, துளைகள் கண்ணுக்கு நேராக இருக்கிறதா என்று சரிபார்த்தார். படியிறங்கும்போது என் கையை விடவில்லை. வலித்தது. சொல்லவில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் பரங்கிக்காய் ஒன்று பல்லைக் காட்டி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே பஞ்சு ஒட்டடை, காகித வௌவால். சீமையில் இந்த விளையாட்டுக்கு ஆப்பிளாம்; இங்கே ஒரு தொட்டித் தண்ணீரில் எலுமிச்சம்பழங்களை மிதக்கவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வாயால் கவ்வச் சொன்னார்கள். என் தோழியின் அம்மா சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார். எதுவும் கேட்காமல் ஒரு துண்டும் நாற்காலியும் கொடுத்து, கையில் கேக் தட்டை வைத்துவிட்டுப் போனார். சித்தப்பா அதைச் சாப்பிட்டார். யாரும் கெஞ்சாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். பென்சில் டப்பா எனக்குக் கிடைக்கவில்லை. மீசை வைத்த பேய் உலகத்திலேயே கிடையாது என்று நடுவர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

ஏழு மணிக்கு மேல் அப்பா வந்தார். குடை இல்லை. செருப்பிலும் வேட்டியிலும் ரயில் பாதைக் கரி. எங்கள் வீட்டிலிருந்து நேராக வந்தால் ஐந்து நிமிஷம். இவர் ஏன் தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார் என்று யோசித்தேன். நாற்காலியில் தம்பியைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாலு மணியிலேருந்து யாருடா உன்கூட இருந்தா?"

நான் மை கரைந்த மீசையோடு சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

"இவதான் இருந்தா, அண்ணா" என்றார் சித்தப்பா.

"எங்கடா?"

"என்கூடவேதான் இருந்தா."

அப்பா என் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டேன். கை தலையில் வந்து விழுந்தது, அடியாக விழவில்லை. அங்கேயே இருந்தது. தலை நனைந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பெரியவர் ஒருவர் எனக்காகப் பொய் சொன்னது அதுவே முதல் தடவை. அது பொய்தான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. அதற்குக் கைமாறாக மறுநாள் என் முறை முடிந்த பிறகும் எழுந்திருக்காமல், எட்டு மணி வரைக்கும் சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.