தையல்கார அக்கா வரைந்த சுருள்படி

ஞானசெல்வி அக்கா போன செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் என் கிரில் பட்டறையில், அன்று காலை அவர் வைத்துவிட்டுப் போன சுருள்படிப் படத்தை விரித்துப்போட்டு, "இந்தக்கா என்னத்த வரஞ்சிருக்காவ!" என்று கத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர் மகள். "மாமா, நெஞ்சுவலில அம்மா போயிட்டாவ."

அக்காவிடம் ஜாக்கெட் கொடுத்துவிட்டு நடையாய் நடந்தவர்களே, உங்கள் துணி தாமதமானதற்குக் காரணம் கரண்ட் கட் அல்ல. என் பட்டறைக்குப் பக்கத்தில் தன் தையல் கடையில் உட்கார்ந்து, மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் அக்கா அளவுப் படம் வரையப் பழகிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. கண்ணில் பட்டதையெல்லாம் டேப் வைத்து அளப்பார். டீக்கடை பெஞ்சு, தையல் மிஷின், ஒருநாள் குனிந்திருந்த என் முதுகு. அளந்ததை வரைவார், அழிப்பார், மறுபடி முதலிலிருந்து வரைவார். "திருத்துனா படம் மட்டுந்தான் சரியாகும் தம்பி. அழிச்சு வரஞ்சாத்தான் கை சரியாகும்" என்பார்.

அவர் எனக்கு வரைந்து தந்த முதல் ஜன்னல் கிரில் ஜன்னலுக்குள் நுழையவில்லை. நாலு பக்கமும் அரை இஞ்சு கூடுதல்.

"என்னக்கா இது?"

"தையலுக்கு விட்டிருக்கேம்லா."

"இரும்ப மடிச்சு ஹெம்மிங் பண்ணவா, ஓவர்லாக் போடவா?"

"ஏலே, அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் பேச்சப் பாரு!" என்று கத்திரிக்கோலை ஓங்கினார். பிறகு சிரித்துக்கொண்டே படத்தை முழுசாக அழித்தார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் பந்தயம். படத்தை வைத்துவிட்டு அவர் போய்விடுவார். வாய் திறந்து ஒன்றும் கேட்காமல் நான் வெட்ட வேண்டும். கேட்டால் படம் தோற்றது. கேட்காமல் முடித்துவிட்டேன் என்றால் பட்டறைக்குள் வந்து நிஜமாகவே குதிப்பார். அதைப் பார்க்கவே சில நாள் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு வெட்டியிருக்கிறேன்.

கடைசிப் படம் குளத்தூரில் அவர் ஊர் மாதா கோயில் மணிக்கூண்டுக்கு. மணியடிக்கிறவர் ஆடுகிற ஏணியில் ஏறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், "திருவிழாவுக்குள்ள வெளியில ஒரு படி நிக்கணும்லே" என்று தானாகவே ஏற்றுக்கொண்ட வேலை. அந்தப் படத்தில் சுருள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று காட்ட ஓர் அம்புக்குறி. அது ஏறுகிற பக்கமா, இறங்குகிற பக்கமா? அதற்குத்தான் நான் திட்டியது. இனி கேட்க ஆளில்லை. சுருளை மாற்றித் திருப்பினால் அத்தனை இரும்பும் வீண், திருவிழாவன்றும் அந்த மனிதர் ஏணியில்தான்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மகளிடம் லேப்டாப்பைக் கேட்டு வாங்கினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான், ஒற்றை விரலால் அக்காவின் படத்தை முதலிலிருந்து வரைந்தேன். கோணிக்கொண்டது. அழித்தேன். மறுபடி வரைந்தேன், மறுபடி அழித்தேன். ஒரு மத்தியானம் கடைசிப் படியைப் போடும்போது பார்க்கிறேன்: அம்பு ஏறுவதற்கு என்றால் படி நேராக மணிக்கூண்டின் மேல்வாசலில் போய் நிற்கிறது. இறங்குவதற்கு என்றால் வெறும் சுவரில் முட்டுகிறது! எல்லாம் படத்திலேயே இருந்திருக்கிறது. "யக்கா, படம் ஜெயிச்சிட்டு!" என்று கத்தினேன். இந்தத் தடவை குதித்தது நான். டீக்கடையே எட்டிப் பார்த்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, வரைந்ததை அழிக்கிற அந்தத் தைரியம். தினமும் சாயங்காலம் ஒரு படம் வரைகிறேன், அழிக்கிறேன். விரல் இப்போது இரண்டாகியிருக்கிறது.

சுருள்படியும் முடிந்தது. நடுக் குழாயிலிருந்து கைப்பிடி வரை ஒரு நூல் பிசகில்லை. பட்டறைக்குள்ளேயே நிறுத்தி முழுசாகப் பற்றவைத்தேன். லாரி வந்தது. படி, பட்டறை வாசலைவிட அகலம். திருவிழாவுக்கு முன்பே அது குளத்தூரில் ஏறி நின்றுவிட்டது. பட்டறைக்கு இப்போது முன்சுவர் இல்லை.